தவணை முறையில் ஒரு ஜாவா

என்னுடைய முதல் பழைய மோட்டார் சைக்கிளை நான் ஒரு நாள்கூட ஓட்டியதில்லை. அதை ஏழு அட்டைப் பெட்டிகளில் வைத்திருந்தேன்.

வாங்கிய வாரமே உட்கார்ந்து, இரண்டு நாளில் கடைசி நட்டு வரை கழற்றிப் போட்டேன். கழற்றுவது அவ்வளவு சுகமான வேலை. ஒவ்வொரு போல்ட்டு வெளியே வரும்போதும் ஏதோ சாதித்துவிட்டதுபோல் இருக்கும். சேசிஸை மட்டும் தனியே கொண்டுபோய், மணல் அடித்துத் துரு நீக்கி, கறுகறுவென்று பூச்சு ஏற்றி வாங்கிவந்தேன். கையில் இருந்த பணத்தில் பாதி அங்கேயே போயிற்று. டேங்குக்கும் மட்கார்டுக்கும் பெயிண்ட் அடித்ததில் மீதியும் போயிற்று. இன்ஜினைத் திறக்கும் நாள் வந்தபோது பையில் ஒன்றுமில்லை. கழற்றியபோது எது எங்கே இருந்தது என்பதும் மனதில் இல்லை. இரண்டு ஆண்டுகள் அந்தப் பெட்டிகளைச் சுவரோரம் அடுக்கிவைத்துவிட்டு, கடைசியில் பெட்டியாகவே விற்றேன். வாங்க வந்தவர், "எல்லாப் பாகமும் இருக்கிறதா?" என்று கேட்டார். "இருக்கிறது" என்றேன். அது உண்மையா பொய்யா என்று எனக்கே தெரியாது.

இரண்டாவது வண்டியை அப்படிச் செய்யவில்லை. அது ஜாவா 250, டைப் 353. 1954இல் செக்கோஸ்லோவாக்கியாவில் அறிமுகமான மாடல். துப்பாக்கி செய்துகொண்டிருந்த யானெச்செக் என்பவர், வாண்டரர் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் வடிவமைப்பை 1929இல் வாங்கி, தன் பெயரின் முதல் இரண்டெழுத்தையும் அதன் முதல் இரண்டெழுத்தையும் சேர்த்து வைத்த பெயர்தான் 'ஜாவா'. தீவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 353க்கு ஒரே சிலிண்டர், இரண்டு சைலன்சர். கியர் மாற்றும் லீவரையே உள்ளே அழுத்திப் பின்னால் திருப்பினால் அதுவே கிக்கர் ஆகிவிடும். கியர் லீவரை மிதிக்கும்போது கிளட்சும் தானாக விலகிக்கொள்ளும். இத்தனை சாமர்த்தியத்தையும் யாரோ ஒருவர் 249 சிசிக்குள் அடக்கியிருக்கிறார் என்பதற்காகவே எனக்கு அந்த வண்டி பிடிக்கும்.

ஏழு பெட்டிகளைச் சுமந்த இரண்டு ஆண்டுகளில் ஒன்றே ஒன்று புரிந்தது. பணத்தைத் தவணையாகப் பிரிப்பது பெரிய விஷயமில்லை. வேலையை எங்கே வெட்டிப் பிரிக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். பலர், "இந்த மாதம் இவ்வளவு இருக்கிறது, அதற்கு என்ன வாங்கலாம்" என்று போகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். இப்போது வேறு மாதிரி பார்க்கிறேன். வண்டியில் சில கதவுகள் இருக்கின்றன. சக்கரத்தைக் கழற்றுவது ஒரு கதவு. சிலிண்டரைத் தூக்குவது ஒரு கதவு. கிளட்ச் பக்கத்து மூடியைத் திறப்பது இன்னொன்று. ஒரு தவணைக்கு ஒரு கதவு. திறந்தால், அதற்குப் பின்னால் இருக்கும் வேலை அத்தனையையும் முடித்துவிட்டுத்தான் மூட வேண்டும். மூடிய பிறகு வண்டி மறுபடி இரண்டு சக்கரத்தில் நிற்க வேண்டும். இந்த விதியை நானே ஒருமுறை மீறி, அதற்கு அபராதமும் கட்டினேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

வாங்கும்போதே பட்ஜெட் பாதி முடிவாகிவிடுகிறது. அசிங்கமாக இருந்தாலும் முழுசாக இருக்கிற வண்டியை வாங்குங்கள். பாதி பளபளப்பும் மீதி காலியிடமுமாக இருக்கிற வண்டி மலிவாகத்தான் கிடைக்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கணக்கு அங்கேதான் ஆரம்பிக்கும். பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் தேய்வதற்கென்றே பிறந்தவை. அவற்றுக்கு மாற்று எப்படியாவது கிடைத்துவிடும். கிடைக்காதவை வேறு: ஸ்பீடோமீட்டர் பதிந்திருக்கும் முகப்பு விளக்குக் கூடு, சங்கிலியை முழுக்க மூடும் இரும்புக் கவசம், டேங்க் சின்னம், கருவிப்பெட்டியின் மூடி. என் வண்டி கன்னங்கரேலென்று எண்ணெய்ப் பிசுக்கு மண்டிப்போய், இருக்கை கிழிந்து, கிக்கரை மிதித்தால் பாறையை மிதித்ததுபோல் இருந்தது. ஆனால் சங்கிலிக் கவசம் இரண்டு பாதியும் இருந்தது. விளக்குக் கூட்டில் ஓட்டை இல்லை. பதிவுத் தாளில் இருந்த சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் அடித்திருந்த எண்ணோடு ஒத்துப்போயின. இதைப் பார்க்காமல் வாங்கியவர்கள் பிற்பாடு படும் பாட்டைப் பார்த்தால், துருவெல்லாம் ஒரு கஷ்டமா என்று தோன்றும்.

முதல் தவணைக்கு முன்னால் காசில்லாத தவணை ஒன்று உண்டு. பெரும்பாலானவர்கள் தாண்டிக் குதித்துவிடுவது இதைத்தான். ஒரு மாதம் நான் எதையும் வாங்கவில்லை, எதையும் கழற்றவும் இல்லை. மண்ணெண்ணெயும் பிரஷுமாக உட்கார்ந்து கழுவினேன். பிசுக்கு போனால்தான் உண்மை தெரியும். இன்ஜின் தாங்கும் காதில் ஒரு விரிசல், முன் ஃபோர்க்கில் எண்ணெய் வழிந்த தடம், யாரோ ஒருவர் சேசிஸில் வைத்திருந்த ஒரு வெல்டிங் ஒட்டு எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தன. ஒவ்வொரு மூலையையும் மூன்று கோணத்தில் படம் எடுத்தேன். ஒயர் எந்த வழியாகப் போகிறது, கேபிள் எதற்கு மேலே எதற்குக் கீழே என்பதெல்லாம் படத்தில் இருந்தால்தான் ஆறு மாதம் கழித்து நம்ப முடியும். மூளையை நம்பாதீர்கள், என் மூளையை ஏழு பெட்டியில் பார்த்தவன் நான்.

அதே மாதத்தில், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்தத் துளை வழியாக மெல்லிய எண்ணெயை ஊற்றிவைத்தேன். அசிடோனும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் சரிபாதி கலந்த கலவைதான் பலரும் சொல்வது. நானும் அதையே ஊற்றினேன். தினமும் காலையில் கிக்கரைக் கையால் லேசாக அசைத்துப் பார்ப்பேன். காலால் ஓங்கி மிதிக்கக் கூடாது; இறுகிப்போன பிஸ்டனை அப்படி மிரட்டினால் கிக்கர் பல்தான் உடையும். பதினோராவது நாள் காலையில் ஒரு விரல் அளவு நகர்ந்தது. அன்று முழுவதும் அலுவலகத்தில் யார் என்ன சொன்னாலும் கோபமே வரவில்லை.

நோட்டுப் புத்தகம் ஒன்று போட்டேன். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு பக்கம், பக்கத்துக்கு மூன்று பத்தி: நினைத்த செலவு, ஆன செலவு, ஏன் வித்தியாசம். மூன்றாவது பத்திதான் முக்கியம். நாலு தவணை முடிந்தபின் அதைப் புரட்டினால், என்னைக் கவிழ்த்தது பிஸ்டனோ டயரோ இல்லை என்று தெரிந்தது. உப்புத்தாள், கேஸ்கட், கிரீஸ், கார்பரேட்டர் கிளீனர், ஸ்ப்ளிட் பின், ஸ்டட், வாஷர், போய்வந்த பெட்ரோல் என்று, தலைக்கொன்றாகப் பார்த்தால் பைசா பெறாத சங்கதிகள் ஒன்றுசேர்ந்து சிலிண்டரின் உட்துளையைக் கடைந்த ('போர்' போட்ட) கூலியைத் தாண்டிவிட்டன. அதற்குப் பிறகு ஒவ்வொரு தவணையிலும் நாலில் ஒரு பங்கை எதற்கும் ஒதுக்காமல் தனியே வைத்தேன். ஒருமுறைகூட அது மிஞ்சியதில்லை. கருவிகளை வண்டிக் கணக்கில் எழுதவே கூடாது. அவை அடுத்த வண்டிக்கும் உழைக்கும். இதில் சேர்த்தால் மனம் தளர்ந்துவிடும். ஜாவா முழுக்க மெட்ரிக் அளவு என்பதால் ஸ்பானர் விஷயத்தில் நான் பிழைத்தேன். பழைய பிரிட்டிஷ் வண்டியோடு மல்லுக்கட்டுபவர் விட்வொர்த் அளவில் தனி ஸ்பானர் தொகுதியே வாங்க வேண்டியிருக்கும். நான் வாங்கியதில் மிக உபயோகமானது, சுத்தியலால் தட்டினால் திருகும் இம்பாக்ட் டிரைவர். தட்டைப் பள்ளம் வைத்த பழைய திருகாணிகளைச் சாதாரண ஸ்குரூ டிரைவரால் திறக்கப் பார்த்தால், பள்ளம் வழித்துக்கொண்டு, பிறகு துளைபோட்டு எடுக்க வேண்டிவரும்.

பாகங்களை முன்கூட்டியே வாங்கிக் குவிப்பதும் ஒரு வியாதி. நாலாவது தவணைக்கான பின்விளக்கு முதல் தவணையிலேயே அலமாரியில் உட்கார்ந்திருந்தால், டயருக்கு வேண்டிய பணம் அங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதற்கு விதிவிலக்கு ஒன்றுதான். மறுபடி கண்ணில் படாது என்று தெரிந்த பொருள் எதிர்ப்பட்டால், தவணையை மறந்துவிட்டு வாங்கிவிட வேண்டும்.

சரி, முதல் கதவு சக்கரம். ஓட்டம் பிறகு, முதலில் நிற்கத் தெரிய வேண்டும். என் வண்டியின் டயர்களில் பூ, அதாவது மேல்வரிகள், நன்றாகவே இருந்தது; பார்ப்பவர் யாரும் நல்ல டயர் என்றுதான் சொல்வார். பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கிறதா என்று தேடினேன். 2000க்குப் பிறகு வந்த டயர்களில் முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. எனக்குக் கிடைத்தது மூன்றே இலக்கம். அதாவது அந்த ரப்பர் போன நூற்றாண்டைச் சேர்ந்தது. நகத்தால் அழுத்தினால் பதியவே இல்லை, ஓடு மாதிரி இருந்தது. டயர், டியூப், ரிம் டேப் மூன்றையும் மாற்றினேன். சக்கரம் வெளியே வந்துவிட்டதால் பேரிங்கும் அதே கூலியில் முடிந்தது. ஸ்போக்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். இறுக்கமானது 'டிங்' என்று பாடும், தளர்ந்தது 'டப்' என்று இருமும். இருமியவை நாலு.

பிரேக் டிரம்மைத் திறக்கும்போது ஓர் எச்சரிக்கை. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க நிறைய வாய்ப்புண்டு. உள்ளே சாம்பல் மாதிரி தூள் கிடக்கும். அதை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதிவிடாதீர்கள். நனைத்துத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். பிரேக் ஷூவுக்குப் புது லைனிங் ஒட்டினேன். டிரம்மின் உட்புறம் கோணிப்போயிருந்ததால் லேத்தில் கொடுத்து ஒரு மயிரிழை கடைந்து வாங்கினேன். கேபிள்கள் எல்லாம் புதிது. வண்டி இன்னும் ஓடாது. ஆனால் தள்ளிக்கொண்டு போய்ப் பிரேக்கைப் பிடித்தால் சட்டென்று நின்றது. பார்க்க ஒன்றும் மாறவில்லை. அதே பிசுக்குக் கறுப்பு, அதே கிழிந்த இருக்கை. வீட்டில் ஒருவரும் நம்பவில்லை, இவ்வளவு செலவு எங்கே போயிற்று என்று.

இரண்டாவது தவணையில்தான் விஷயம் இருக்கிறது. பெட்ரோல், பொறி, அழுத்தம் மூன்றும் சரியாக இருந்தால் எந்த இன்ஜினும் ஓடியே தீரும்.

டேங்கில் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே செம்மண் குகை. ஆசிட் ஊற்றலாம், சிட்ரிக் ஆசிட் கரைசலில் ஊறவைக்கலாம். நான் மின்சாரத்தில் செய்தேன், ஏனென்றால் அது நல்ல இரும்பைத் தின்னாது. டேங்கை நன்றாகக் கழுவி, பெட்ரோல் குழாய்த் துளையை அடைத்து, நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா என்று கலந்து விளிம்பு வரை நிரப்பினேன். ஓர் இரும்புக் கம்பியை, டேங்கைத் தொடாமல், ரப்பர் மூடி ஒன்றின் வழியாக உள்ளே தொங்கவிட்டேன். பழைய பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவ் முனையை அந்த இரும்புக் கம்பியில் மாட்டினேன், நெகட்டிவ் முனையை டேங்கில். இதை மாற்றிக் கொடுத்தால் டேங்க் கரையும், கம்பி பத்திரமாக இருக்கும். சில நிமிடங்களில் வாய்ப்பகுதியில் மெல்லிய நுரை கிளம்பி, ஒரு மணி நேரத்தில் அது காபிக் கசடு நிறத்துக்கு மாறியது. அந்தக் குமிழி ஹைட்ரஜன். எனவே திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும், கம்பியைப் பிடுங்குவதற்கு முன்னால் மின்சாரத்தை அணைக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் இருக்கும் குரோமியம் நச்சுக் கரைசலாக மாறிவிடும். மூன்று நாளில் நாலு முறை கம்பியைச் சுரண்டிச் சுத்தம் செய்து மறுபடி தொங்கவிட்டேன். கடைசியில் உள்ளே பார்த்தால் சாம்பல் நிற இரும்பு.

சந்தோஷம் அரை நாள்தான். தண்ணீர் ஊற்றி வைத்த டேங்கின் அடியில் மூன்று இடத்தில் வியர்வைபோல் ஈரம் துளிர்த்தது. அத்தனை காலமும் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்ததே அந்தத் துருதான். கிணறு வெட்டப் பூதம். பித்தளை வைத்து அடைக்கச் சொல்லி டேங்கைக் கொடுத்தேன். பெட்ரோலைக் கண்டு பல ஆண்டு ஆன டேங்கிலும் ஆவி பதுங்கியிருக்கும் என்பதால், நெருப்பு வைக்கும் இடம் தவிர மற்ற பகுதியைத் தண்ணீரால் நிரப்பிவிட்டுத்தான் அந்த மனிதர் தீயைப் பற்றவைத்தார். அது தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

சிலிண்டருக்கு வருவோம். 353க்குப் போர், அதாவது சிலிண்டர் துளையின் விட்டம், 65 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் நகரும் தூரம், 75. தலையைக் கழற்றிப் பார்த்தால், ரிங் ஏறித் திரும்பும் இடத்துக்கு மேலே விரல் நகத்தில் தட்டும் அளவுக்கு ஒரு படி. போர் போட்டே ஆக வேண்டும். சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு லேத் பட்டறைப் பெரியவரிடம் போனேன்.

"பிஸ்டன் எங்கே தம்பி?" என்றார்.

"நீங்கள் போர் போட்டுக் கொடுங்கள் ஐயா, அந்த அளவுக்கு வாங்கிக்கொள்கிறேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "காலைச் செதுக்கிக்கொண்டு செருப்பு வாங்கப் போகிறீர்களா?" என்று கேட்டார்.

கால் மில்லிமீட்டர், அரை, முக்கால், ஒன்று என்று ஓவர்சைஸ் பிஸ்டன்கள் இருக்கின்றன என்பது புத்தகத்தில். கையில் கிடைப்பது எது என்பது வேறு விஷயம். கிடைத்த பிஸ்டனைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அதை அளந்து, அதற்கு இவ்வளவு இடைவெளி என்று கணக்கிட்டுத் துளையைக் கடைவார். வாங்கும் வரிசை மாறினால் சிலிண்டரே வீண். அரை மில்லிமீட்டர் கிடைத்தது, கொடுத்தேன். வேலை முடிந்து வந்ததும் நான் செய்த முதல் காரியம், போர்ட் விளிம்புகளை விரலால் தடவிப் பார்த்தது. ஜாவாவைப் போன்ற இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் சிலிண்டர் சுவரிலேயே போர்ட் எனப்படும் ஜன்னல்கள் இருக்கின்றன. புதிதாகக் கடைந்த ஜன்னலின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அதை லேசாக மழுக்காவிட்டால் ரிங் அதில் மாட்டி உடையும். பெரியவர் ஏற்கெனவே மழுக்கியிருந்தார். நான் தடவிப் பார்ப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ரிங்கைத் தனியே சிலிண்டருக்குள் இறக்கி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகட்டு அளவியால் அளந்தேன். போரின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நாலு பங்கு என்பது பழைய கணக்கு. 65க்கு ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் வரும். பொறிக்கான மின்சாரத்தை வெட்டிவிடும் பாயிண்டின் இடைவெளியை 0.4 மில்லிமீட்டரில் வைத்தேன். கார்பரேட்டர் ஜெட்டுகளை ஊதிச் சுத்தம் செய்தேன். அதற்குள் இரும்புக் கம்பியை விட்டுக் குடைபவர்களைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்கும், பித்தளைத் துளை ஒரு குடைச்சலில் பெரிதாகிவிடும். அந்தக் காலக் கையேடு சொல்வது, பெட்ரோல் 25 பங்குக்கு எண்ணெய் ஒரு பங்கு. 5 லிட்டருக்கு 200 மில்லி. இன்றைய 2டி (இரண்டு ஸ்ட்ரோக்) எண்ணெய்க்கு அவ்வளவு தேவையில்லை என்பார்கள். புதுப் பிஸ்டன் பழகும் வரை நான் பழைய கணக்கிலேயே ஊற்றினேன்.

ஆறாவது உதையில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தை எழுதிக் காட்ட எனக்குத் திறமை போதாது.

இப்போது அபராதக் கதை. இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க், அதாவது பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு, இருக்கும் அறையே பம்பு வேலையும் பார்க்கிறது. கலவையை உள்ளே இழுப்பதும் மேலே தள்ளுவதும் அதுதான். அதனால் கிராங்கின் இரு பக்கத்திலும் இருக்கும் ஆயில் சீல்கள் (கசிவைத் தடுக்கும் வளையங்கள்) காற்றுப் புகவிடாமல் இருக்க வேண்டும். டைனமோ பக்கத்துச் சீல் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, கலவை நீர்த்து, இன்ஜின் தானாக எகிறி, சூடேறிப் பிஸ்டன் மறுபடி இறுகும். கிளட்ச் பக்கத்துச் சீல் கசிந்தால் அங்கே இருக்கும் கியர் எண்ணெயை இன்ஜின் உறிஞ்சிக் குடித்துவிட்டுப் புகையாக விடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். டைனமோ பக்கத்துச் சீலை மாற்றினேன். கிளட்ச் பக்கத்து மூடியைத் திறந்தால் கிளட்ச் கார்க், பிரைமரி சங்கிலி என்று செலவு நீளும், கையில் இருப்பது போதாது, அடுத்த தவணையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

முதல் வாரம் புகை அதிகம். புதுப் பிஸ்டன், எண்ணெய் கூடக் கலந்திருக்கிறோம், அதனால்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டாவது வாரம் பிளக் நனைந்து நின்றது. மூன்றாவது வாரம் கியர் எண்ணெய் அளவைப் பார்த்தேன். பாதிதான் இருந்தது, கீழே ஒரு சொட்டும் சிந்தியிருக்கவில்லை. புது ரிங் பள்ளத்தில் கரி, சைலன்சர் இரண்டிலும் கரிப்பசை. மறுபடி சிலிண்டரைத் தூக்கி, கேஸ்கட் மாற்றி, சைலன்சரை எரித்துச் சுத்தம் செய்து, அதற்குப் பிறகு அந்த இடப்பக்க மூடியையும் திறந்தேன். மிச்சம்பிடிக்க நினைத்த தொகையைவிட அதிகம் போயிற்று. நோட்டுப் புத்தகத்தில் மூன்றாவது பத்தியில், 'கருமித்தனம்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

அழுத்தச் சோதனையை முன்பே செய்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். உள்வழியையும் புகைவழியையும் ரப்பரால் அடைத்து, பிளக் துளை வழியாகச் சின்னப் பம்பால் 6 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டு) அழுத்தம் ஏற்றி, சில நிமிடம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பதுதான். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி எங்கே என்று தேட வேண்டும். பம்புக்கும் அளவுமானிக்கும் ஆகும் செலவு ஒரு கேஸ்கட் தொகுதியைவிடக் குறைவு.

மின்சாரத் தவணையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அதில் பெரிய ஆர்வம் கிடையாது. வண்டி 6 வோல்ட். பலரும் முதல் வேலையாக 12க்கு மாற்றிவிடுகிறார்கள், 6 வோல்ட்டில் வெளிச்சம் வராது என்று. குறை வோல்ட்டில் இல்லை, இணைப்புகளில் இருக்கிறது. 35 வாட் பல்பு 12 வோல்ட்டில் ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும். 6 வோல்ட்டில் 6 ஆம்பியர். துருப்பிடித்த ஓர் இணைப்பில் ஆகும் விரயம் அதனால் நாலு மடங்காகிவிடுகிறது. புது ஒயரிங் போட்டு, ஒவ்வொரு எர்த் முனையையும் இரும்பு தெரியும் வரை சுரண்டி இறுக்கினேன். போதுமான வெளிச்சம் வந்தது. சேசிஸ்தான் மின்சாரம் திரும்பும் பாதை என்பதால், பெயிண்ட் அடிக்கும்போது அந்த முனைகளை மறைத்துவிட்டு அடிக்க வேண்டும். புதுப் பெயிண்டோடு வந்த வண்டியில் ஹாரனும் விளக்கும் ஒன்றாகச் செத்துப்போனால், பெரும்பாலும் காரணம் இதுதான்.

கடைசியாக அழகு. இங்கேதான் பணம் தண்ணீராக ஓடும். குரோம் என்று நாம் சொல்வதில் குரோமியம் மிக மிக மெல்லிய படலம், ஒரு மைக்ரான்கூட இராது. அடியில் இருக்கும் தாமிரமும் நிக்கலும், அதற்கும் அடியில் இரும்பை எவ்வளவு பொறுமையாகத் தேய்த்து மெருகேற்றினார்கள் என்பதும்தான் பளபளப்பைத் தீர்மானிக்கின்றன. அந்தத் தேய்ப்புக்குத்தான் கூலி. மலிவாகச் செய்து தருகிறேன் என்பவர் மிச்சப்படுத்துவதும் அதையேதான். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பொருளையும் தரையில் பரப்பிப் படம் எடுத்து, எண்ணி, எழுதி, கையெழுத்து வாங்குங்கள். நான் கொடுத்தது பதினான்கு, திரும்பி வந்தது பதின்மூன்று. வராதது சைலன்சரைப் பிடிக்கும் ஒரு சின்ன கிளாம்ப். படம் என்னிடம் இருந்தது, கையெழுத்து இல்லை. பிறகு அதை இரும்புப் பட்டையில் நானே வளைத்துச் செய்தேன். இன்றும் அது மட்டும் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கிறது.

லேசான துருப்புள்ளிகளுக்கு முலாம் பூசவே தேவையில்லை. அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே முக்கால்வாசி போய்விடும். கைப்பிடிக் கம்பியையும் விளக்கு வளையத்தையும் அப்படித்தான் மீட்டேன். மட்கார்டுகளை மட்டும் பெயிண்டுக்குக் கொடுத்தேன், இரண்டும் முழுக்கப் பொரிந்துபோயிருந்தன. இரண்டு கலவை சேர்த்து அடிக்கும் பெயிண்டில் ஐசோசயனேட் இருக்கிறது, துணி முகமூடியால் அதைத் தடுக்க முடியாது. எனவே வீட்டில் அடித்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டேன்.

டேங்க் மிச்சம் இருந்தது. அதற்கான பணத்தைத் தனி உறையில் போட்டு வைத்திருந்தேன். பெயிண்டுக்குக் கொடுப்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றி, மெருகுப் பசையால் சும்மா ஓரிடத்தைத் தேய்த்துப் பார்த்தேன். மங்கிப்போன செங்கல் நிறத்துக்கு அடியில் ஆழமான அரக்குச் சிவப்பு. தேய்த்துக்கொண்டே போனேன். இடப்பக்கம், முழங்கால் படும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் தேய்ந்து அடிப்பூச்சு தெரிந்தது. எனக்கு முன்னால் யாரோ பல ஆண்டுகள் உட்கார்ந்து ஓட்டிய முழங்காலின் தடம். டேங்கை மறுபடி மாட்டி, ஏறி உட்கார்ந்து பார்த்தேன். என் முழங்கால் அதற்கு இரண்டு விரல் கீழே பட்டது. உயரமான ஆள்.

உறையில் இருந்த பணத்தில் இருக்கைக்குத் தோல் மாற்றினேன். மிச்சத்தில் ஸ்பீடோமீட்டரைப் பழுதுபார்க்கக் கொடுத்திருக்கிறேன். முள் இருபதைத் தாண்டினால் நடுங்கியது. அது வரும்வரை எவ்வளவு வேகத்தில் போகிறேன் என்று தெரியாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். விளக்குக் கூட்டில் அந்த இடத்தை ஒரு பால் டப்பா மூடி அடைத்துக்கொண்டிருக்கிறது, அளவு அவ்வளவு கச்சிதம்.